ஆலைக் கழிவுநீர், கழிவு ஆண்டறிக்கைகள்: தினப் பதிவேடு முதல் படிவம் வரை கணக்கை ஒத்துப்போக வைப்பது எப்படி

ஜூன் 30-க்குள் அபாயக் கழிவு ஆண்டறிக்கை. செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை. இரண்டுமே முடிந்துபோன ஏப்ரல்–மார்ச் நிதியாண்டுக்கானவை. முதலாவது, 2016-ம் ஆண்டின் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகளின் படிவம் 4. இரண்டாவது, 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் 14-வது விதி கேட்கும் படிவம் 5. அபாயக் கழிவு விதிகளிலும் ஒரு படிவம் 5 உண்டு. அது கழிவை இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்களுக்கானது, அதைத் தரவிறக்கி நிரப்பி வைக்காதீர்கள்.

படிவத்தை நிரப்புவது அரை நாள் வேலை. அதில் எழுதும் ஒவ்வொரு எண்ணையும் வேறு எங்கோ இருக்கும் இன்னொரு எண் சரிபார்த்துவிடும் என்பதுதான் சிக்கல். கழிவுநீர் அளவை மின்மீட்டர் சோதிக்கும், சுத்திகரிப்பில் படியும் சேறான ஸ்லட்ஜின் எடையைச் சுண்ணாம்பு வாங்கிய பில் சோதிக்கும், உற்பத்தி அளவை ஜி.எஸ்.டி. கணக்கு சோதிக்கும். ஆண்டு முடிந்தபின் எண்களை உட்கார்ந்து 'சரிசெய்தால்' ஒரு இடம் பொருந்தும், நான்கு இடம் பொருந்தாது. தினமும் அளந்து எழுதியிருந்தால் கூட்டிப் போடுவதோடு வேலை முடிந்தது. கீழே வரும் எடுத்துக்காட்டு எண்களெல்லாம் ஒரு கற்பனை ஆலைக்கானவை: உலோகப் பாகங்களைக் கழுவி, பாஸ்பேட் பூசி, பெயிண்ட் அடிக்கும் சிறு ஆலை, நாளொன்றுக்கு 40 கன மீட்டர் கழிவுநீர், ஆண்டுக்கு 300 வேலை நாள்.

முதலில் இசைவாணையைப் பிரித்து எழுதுங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இயக்க இசைவாணையையும் (ஆலையை ஓட்ட அனுமதிக்கும் ஆணை) அபாயக் கழிவு அங்கீகாரத்தையும் எடுத்துவைத்து, அவற்றில் எண் இருக்கும் ஒவ்வொரு வரியையும் ஒரே தாளில் எழுதுங்கள்: அனுமதித்த உற்பத்தி (பொருள்வாரியாக, அலகோடு), கழிவுநீர் அளவு (ஆலைக் கழிவு தனி, வீட்டு உபயோகக் கழிவு தனி), வெளியேற்றும் இடம், ஒவ்வொரு அளவுருவின் வரம்பு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, ஒவ்வொரு கழிவு வகைக்கும் ஆண்டு அளவு, காலாவதி நாள்.

வரம்புகளை இணையத்தில் கிடைக்கும் பொதுப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கான பொதுத் தரம் பி.எச். 5.5–9.0, மிதக்கும் திடப்பொருள் 100, பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. (அதை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, எண்ணெய் மற்றும் கிரீஸ் 10 மி.கி./லி. என்றிருக்கும். அதே நீரைப் பாசனத்துக்கு விட்டால் பி.ஓ.டி. வரம்பு 100. பொதுச் சாக்கடைக்கு விட்டால் 350. உங்கள் ஆலையைக் கட்டுப்படுத்துவது உங்கள் இசைவாணையில் அச்சாகியிருக்கும் எண் மட்டுமே. அது பொதுத் தரத்தைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்றும் இருக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

தண்ணீர் செஸ் சட்டம் 2017-ல் ரத்தானதும் பல ஆலைகளில் மீட்டர் ரீடிங் எடுப்பதும் நின்றுபோனது. வரிதான் போனது. மீட்டர் வைத்து அளக்கச் சொல்லும் இசைவாணை நிபந்தனை அப்படியே இருக்கிறது. படிவம் 5-ன் 'பி' பகுதி தொழில்முறை, குளிரூட்டல், வீட்டு உபயோகம் என்று மூன்றாகப் பிரித்தே கேட்கிறது. ஆகவே குறைந்தது நான்கு மீட்டர் வேண்டும்: மொத்த வரத்து, தொழில்முறைக்குப் போகும் குழாய், சுத்திகரிப்பு நிலைய உள்வாய், வெளிவாய். தினமும் ஒரே நேரத்தில் ரீடிங் எடுங்கள். முள் காட்டும் எண்ணையே எழுதுங்கள். கழித்து வந்த வித்தியாசத்தை மட்டும் எழுதினால், ஒருநாள் தவறிய பிழையைப் பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

நம் ஆலைக்கு வரத்து நாளொன்றுக்கு 62 கன மீட்டர் என்று வைப்போம். கழுவல் 36, குளிர்கோபுரம் 5, கொதிகலன் 4, மென்நீராக்கியின் (நீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) மறுசெயலாக்கக் கழிவு 3, கழிப்பறையும் கேன்டீனும் 9, தோட்டம் 5. கூட்டினால் 62. குளிர்கோபுரத்துக்கு மீட்டர் இல்லாவிட்டால் கணக்குப் போடலாம். ஆவியாதல் = 0.00153 × மணிக்குச் சுழலும் நீர் × வெப்பநிலை வேறுபாடு. 20 கன மீட்டர் சுழன்று 5 டிகிரி குளிர்ந்தால் மணிக்கு 0.153, நாளுக்கு 3.7 கன மீட்டர். நான்கு சுழற்சிச் செறிவில், அதாவது சுழலும் நீரில் உப்பு நான்கு மடங்காகும்வரை ஓட்டினால் வடித்துவிடும் நீர் 3.7-ஐ 3-ஆல் வகுத்தது, 1.2. மொத்தம் 4.9.

சுத்திகரிப்புக்கு வருவதைப் பாருங்கள். கழுவலில் சூடான தொட்டிகளிலும் ஈரப் பாகங்களோடும் கொஞ்சம் போய்விடுவதால் 34 அல்லது 35. அதோடு குளிர்கோபுர வடிநீர் 1.2, மென்நீராக்கிக் கழிவு 3, கொதிகலன் வடிநீர் கொஞ்சம். ஏறக்குறைய 39. உள்வாய் மீட்டர் 40 காட்டினால் நிம்மதி. 28 காட்டினால் எங்கோ நீர் நிலையத்தைத் தொடாமல் வெளியே போகிறது, அல்லது மீட்டர் தவறு. ஆய்வுக்கு வருபவரின் மனத்தில் முதலில் எழுவது முந்தையது, ஆகவே காரணத்தை நீங்களே முதலில் தேடிவிடுங்கள். வெளிவாய் மீட்டர் உள்வாயைவிட அதிகம் காட்டினால், மழைநீர் வடிகால் தொட்டியோடு சேர்கிறது என்பதே வழக்கமான காரணம். மழை மாதங்களில் மட்டும் கூடுகிறதா என்று பதிவேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

கால்வாயில் வி-வடிவ வெட்டுள்ள தகடு வைத்து அளப்பவர்கள் ஒரு சென்டிமீட்டரைக் கூட அலட்சியம் செய்யக்கூடாது. 90 டிகிரித் தகட்டில் ஓட்டம் (விநாடிக்குக் கன மீட்டர்) = 1.38 × உயரத்தின் 2.5 அடுக்கு. உயரம் என்பது வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர்மட்டம், மீட்டரில். நீர்மட்டம் 10 செ.மீ. என்றால் மணிக்கு 15.7 கன மீட்டர். 11 செ.மீ. என்றால் 19.9. ஒரு சென்டிமீட்டருக்குக் கால் பங்குக்கும் மேல் வித்தியாசம். தகட்டின் விளிம்பில் நீர் வளைந்து இறங்கும் இடத்தில் ஸ்கேல் வைத்தால் எப்போதும் குறைவாகத்தான் வரும். உயரத்தைப் போல நான்கு மடங்கு தொலைவு பின்னால் தள்ளி அளவுகோலைப் பொருத்துங்கள். காந்த ஓட்டமானி என்றால் குழாய் எப்போதும் நிறைந்து ஓடவேண்டும். பாதி நிறைந்த குழாயில் அது எதையாவது காட்டும், அந்த எண்ணை நம்ப முடியாது.

நிலையத்துக்குத் தனி மின்மீட்டர் இருந்தால் அதன் ரீடிங்கையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். தொட்டிக்குக் காற்றூதும் 5 எச்.பி. ப்ளோயர் 20 மணி நேரம் ஓடியது என்றால் அது மட்டுமே சுமார் 60–75 யூனிட். பதிவேட்டில் '20 மணி' என்றும் மீட்டரில் 30 யூனிட் என்றும் இருந்தால், பதிவேடு மாதக் கடைசியில் ஒரே பேனாவில் எழுதப்பட்டது என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

மாதிரி எடுப்பது

ஆய்வகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பாட்டிலில் வந்ததைத்தான் அது சோதிக்கும். எடுக்க வேண்டிய இடம் கடைசிச் சுத்திகரிப்புக்குப் பின், வேறெந்த நீரும் கலக்கும் முன். ஓட்டத்தின் நடுவில், பாட்டிலின் வாய் ஓட்டத்தை எதிர்நோக்க, கால்வாயின் சுவரையோ அடியையோ உரசாமல் எடுங்கள். பாசி உரிந்து ஒரு துண்டு விழுந்தால் திடப்பொருள் எண் இரட்டிப்பாகும்.

ஒரே முறை எடுப்பது அந்த நிமிடத்தின் தரத்தை மட்டும் சொல்லும். காலையில் காரத் தொட்டியைக் கொட்டி, மாலையில் சாதாரணக் கழுவல் நீர் வரும் ஆலையில் அது பொய்யான படம். கலப்பு மாதிரி எடுக்க, மணிக்கொருமுறை அரை லிட்டர் எடுத்து, நேரத்தையும் ஓட்டத்தையும் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். எட்டு மணி நேரம் கழித்து ஓட்டத்துக்கேற்ற விகிதத்தில் கலக்குங்கள். மொத்த ஓட்டம் 16 கன மீட்டர், வேண்டியது 2 லிட்டர் என்றால், 3 கன மீட்டர் ஓடிய மணியின் பாட்டிலிலிருந்து 2,000 × 3 ÷ 16 = 375 மி.லி. ஒவ்வொன்றையும் நன்றாகக் குலுக்கிய உடனே ஊற்ற வேண்டும். அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல்நீரை ஊற்றுவது திடப்பொருளைக் குறைத்துக்காட்டும்.

எல்லாவற்றையும் ஒரே கேனில் பிடித்துக் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அளவுருவுக்கு ஏற்ப பாட்டில் மாறும்:

பி.எச்., வெப்பநிலை, எஞ்சிய குளோரின்: அங்கேயே, அப்போதே அளக்க வேண்டும். ஆய்வகத்துக்குப் போய்ச்சேரும் முன் கரியமில வாயு ஏறி இறங்கி பி.எச். மாறிவிடும்.

பி.ஓ.டி., திடப்பொருள்கள்: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், காற்றிடமின்றி விளிம்புவரை, 4 டிகிரியில். அமிலம் சேர்க்கக் கூடாது.

சி.ஓ.டி.: 250 மி.லி., கந்தக அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே. லிட்டருக்குச் சுமார் 2 மி.லி. அடர் அமிலம் போதும். சுண்ணாம்பு மிகுந்த நீரில் நுரைத்துப் பொங்கும், அதிகமும் தேவைப்படும். சொட்டுச் சொட்டாக விட்டுத் தாளால் சோதியுங்கள்.

எண்ணெய், கிரீஸ்: அகன்ற வாயுள்ள கண்ணாடிப் பாட்டில் மட்டும். பிளாஸ்டிக்கின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். மாதிரி நீரால் அலசக் கூடாது, ததும்ப விடக் கூடாது, கலப்பு மாதிரியிலிருந்து ஊற்றக் கூடாது. நேரடியாகப் பிடித்து அமிலம் விட்டு அந்தப் பாட்டிலையே முழுதாக அனுப்ப வேண்டும்.

உலோகங்கள்: நைட்ரிக் அமிலம், பி.எச். 2-க்குக் கீழே. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) மட்டும் அமிலம் கூடாது. அமிலத்தில் அது நீரிலுள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து மூன்று இணைதிறனாக மாறி, இருந்தது இல்லாததுபோல் ஆகிவிடும். தனிப் பாட்டில், குளிர்ச்சி, 24 மணிக்குள் சோதனை.

பி.ஓ.டி.-யை 24 மணிக்குள் தொடங்கவேண்டும். நம் நாட்டு முறையில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் படிப்பார்கள். சனிக்கிழமை மாலை மாதிரி கொடுத்தால் திங்கள்வரை ஃப்ரிட்ஜில் கிடக்கும். ஞாயிறு வேலை செய்யாத ஆய்வகம் என்றால் செவ்வாய், புதன் கொடுப்பது நல்லது. கடைசித் தொட்டியில் குளோரின் போடுபவர்கள் அதைச் சீட்டில் எழுதுங்கள். ஆய்வகம் அதை முறிக்காமல் சோதித்தால் நுண்ணுயிர் செத்து, பி.ஓ.டி. அழகாகக் குறைந்து வரும். அந்த அழகு அடுத்த முறை நிற்காது.

ஆய்வறிக்கை வந்ததும் கோப்பில் சொருகாதீர்கள்

முதலில் ஐந்து நிமிடம் கணக்குப் பாருங்கள். பி.ஓ.டி. ஒருபோதும் சி.ஓ.டி.-யைவிட அதிகமாக இருக்க முடியாது. மொத்த குரோமியம் ஆறு இணைதிறன் குரோமியத்தைவிடக் குறைய முடியாது. குளோரைடும் சல்பேட்டும் சேர்ந்து மொத்தக் கரைந்த உப்பை (டி.டி.எஸ்.) தாண்ட முடியாது. டி.டி.எஸ்.-ஐ மின்கடத்துதிறனால் வகுத்தால் பெரும்பாலும் 0.55 முதல் 0.7-க்குள் வரும். 0.3 அல்லது 1.1 வந்தால் ஆய்வகத்துக்குப் போன் போடவேண்டிய நேரம்.

பலரும் கவனிக்காமல் விடுவது டி.டி.எஸ். சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுத் தெளியவைக்கும் நிலையம் கரைந்த உப்பைப் பொதுவாகக் குறைக்காது, கூட்டவே செய்யும். உள்வாயில் 1,900, வெளிவாயில் 900 என்று அறிக்கை வந்தால் மகிழ ஒன்றுமில்லை. பாட்டில் மாறியிருக்கும், அல்லது யாரோ நல்ல தண்ணீர் கலந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வெளியேற்றத்துக்கான டி.டி.எஸ். வரம்பு பொதுவாக 2,100. தோல், சாய ஆலைகளால் பாலாறும் நொய்யலும் பட்ட பாட்டுக்குப் பிறகு இந்த எண்ணை யாரும் லேசாகப் பார்ப்பதில்லை. நம் எடுத்துக்காட்டு ஆலையில் உப்பு உயரக் காரணம் பெரும்பாலும் அந்த 3 கன மீட்டர் மென்நீராக்கிக் கழிவுதான். அளவில் சிறிது, உப்பில் பெரிது. அதைத் தனியே பிரித்தெடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அறிக்கையில் மாதிரி எடுத்த நாள், நேரம், ஆய்வகம் பெற்ற நாள், சோதனை தொடங்கிய நாள், முறையின் எண் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆய்வகத்தின் அங்கீகார வரம்புப் பட்டியலில் உங்கள் அளவுரு இருக்கவேண்டும். 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால் கண்டறியும் எல்லை என்னவென்றும் எழுதச் சொல்லுங்கள். எல்லையே 0.5 ஆக இருக்கும் கருவியில் 0.1 வரம்புள்ள ஆறு இணைதிறன் குரோமியம் 'கண்டறியப்படவில்லை' என்பது எதையும் நிரூபிக்காது.

ஸ்லட்ஜ்: எடை எங்கே மாறுகிறது

படிவம் 4 தடுமாறும் இடம் இதுதான். பிழிந்தெடுத்த ஸ்லட்ஜில் 75 சதவீதம் நீர் என்றால் 1,000 கிலோவில் திடப்பொருள் 250 கிலோதான். அதே ஸ்லட்ஜ் உலர்ந்து 40 சதவீத ஈரத்துக்கு வந்தால் எடை 250 ÷ 0.6 = 417 கிலோ. பிழிந்த அன்று 1,000 எழுதி, லாரியில் 417 அனுப்பினால் 583 கிலோ 'காணாமல்' போயிருக்கிறது. திருடு போகவில்லை, காய்ந்துவிட்டது. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. உருவான அளவு, அனுப்பிய அளவு, உள்ளேயே பயன்படுத்திய அளவு, ஆண்டு முடிவில் இருப்பு என நான்கே கட்டம்.

இதற்கு நல்ல வழி, உலர்த்தும் படுகையைச் சுத்திகரிப்பின் கடைசிப் படியாக வைத்துக்கொள்வது. படுகையிலிருந்து எடுத்துப் பையில் கட்டி, கிடங்கில் வைக்கும் அன்று எடைபோட்டு, அதையே 'உருவான அளவு' என்று எழுதுங்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் 10 கிராம் எடுத்து 105 டிகிரி அவனில் எடை நிலைக்கும்வரை உலர்த்தி, ஈரப்பதத்தைப் பக்கத்தில் குறியுங்கள். படுகையிலேயே மாதக்கணக்கில் போட்டுவைத்து, கிடங்குக்கு வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கும் வேலைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். படுகையில் கிடப்பதும் கண்ணுக்குத் தெரியும் கழிவுதான்.

எவ்வளவு வரவேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். மிதக்கும் திடப்பொருள் உள்ளே 400, வெளியே 60. 340 × 40 ÷ 1,000 = நாளுக்கு 13.6 கிலோ. பெரஸ் சல்பேட் லிட்டருக்கு 300 மி.கி. போட்டால் நாளுக்கு 12 கிலோ. அதன் ஒவ்வொரு கிலோவும் 0.385 கிலோ இரும்பு ஹைட்ராக்சைடாகப் படியும், ஆக 4.6. இரண்டும் சேர்ந்து 18.2 கிலோ உலர் எடை. ஆண்டுக்கு 5.46 டன், 40 சதவீத ஈரத்தில் 9.1 டன். படிந்த பாஸ்பேட்டும் சுண்ணாம்பில் கரையாத பங்கும் இதற்கு மேல். அப்படியிருக்கப் படிவம் 4-ல் 2 டன் என்று எழுதினால் இரண்டில் ஒன்று நடந்திருக்கவேண்டும்: மருந்து போடவில்லை, அல்லது ஸ்லட்ஜ் வேறெங்கோ போனது. பெரஸ் சல்பேட் பில் ஆண்டுக்கு 3,600 கிலோவை ஒட்டி இருக்கிறதா என்பதும் அதே கேள்விதான்.

வகை எண்களைச் சரியாகப் போடுங்கள். பயன்படுத்திய எண்ணெய் 5.1, வேதிப்பொருள் ஒட்டிய காலி டிரம் 33.1, கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வேதி ஸ்லட்ஜ் 35.3, ஆவியாக்கிய எச்சம் 37.3. அங்கீகாரம் டிரம்மை எண்ணிக்கையிலும் படிவம் டன்னிலும் கேட்டால், பத்து டிரம்மை எடைபோட்டுச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். எண்ணெய்க்கும் அப்படியே: லிட்டர் வேறு, கிலோ வேறு. அடர்த்தி 0.88 என்றால் 200 லிட்டர் 176 கிலோதான்.

கிடங்கில் 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன் வரை உருவாக்கும் சிறு ஆலைகளுக்கு வாரியம் அவகாசத்தை நீட்டிக்கலாம். நீட்டிக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது, தானாக நீளாது. விண்ணப்பித்து எழுத்தில் பெறவேண்டும். ஒவ்வொரு பைக்கும் படிவம் 8 லேபிள், அதில் கட்டிய தேதி. தினப் பதிவு படிவம் 3-ன் வடிவில்.

லாரி ஏறும் நாள்

ஓட்டுநரிடம் படிவம் 9 அவசரத் தகவல் அட்டை, படிவம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவு கைமாறுவதைப் பதியும் சீட்டு). காகித மேனிஃபெஸ்டில் ஏழு பிரதி, ஒவ்வொன்றும் ஒரு நிறம். வெள்ளை வாரியத்துக்கு. மஞ்சள் ஓட்டுநர் கையெழுத்தோடு உங்களிடம். மீதி ஐந்தும் லாரியோடு போகும். கழிவைப் பெற்றவர் கையெழுத்திட்டு உங்களுக்குத் திருப்பி அனுப்புவது நீலம். மஞ்சள், நீலம் இரண்டும் ஒன்றாகக் கிளிப் போட்டிருந்தால்தான் அந்த லோடு முடிந்தது. நீலம் வராத லோடு, சட்டத்தின் கண்ணில் நீங்கள் அனுப்பியதற்கு மட்டும் சான்று, போய்ச்சேர்ந்ததற்குச் சான்று இல்லை. இணையவழியில் செய்பவர்களும் பெறுநர் ஏற்றுக்கொண்ட நிலைக்கு வந்ததா என்று பாருங்கள்.

உங்கள் எடைமேடையும் அவர்கள் எடைமேடையும் கொஞ்சம் வேறுபடுவது இயல்பு. இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டு, பெறுநர் எடையைப் படிவம் 4-க்கு எடுங்கள். அந்த நிலையமும் தன் ஆண்டறிக்கையில் அதைத்தான் எழுதும், வாரியத்தில் இரண்டும் ஒரே மேசைக்கு வரும்.

படிவங்களை நிரப்புதல்

படிவம் 4-க்குப் பதிவேட்டில் ஒரே சமன்பாடு: போன ஆண்டு இருப்பு + உருவானது − அனுப்பியது − உள்ளே பயன்படுத்தியது = மார்ச் 31 இருப்பு. மார்ச் 31 மாலை கிடங்கில் நேரில் எடைபோட்டு எழுதுங்கள், கழித்து வரவைக்காதீர்கள். வித்தியாசம் வந்தால் அது எங்கே என்று தேட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. உருவான அளவு அங்கீகாரத்தைத் தாண்டியிருந்தால், அளவைக் குறைத்து எழுதாமல் அங்கீகாரத்தைத் திருத்த விண்ணப்பியுங்கள்.

படிவம் 5-ன் 'பி' பகுதியில் ஒரு அலகு உற்பத்திக்கு எவ்வளவு நீர் என்று கேட்பார்கள். 36 × 300 = 10,800 கன மீட்டர், உற்பத்தி 540 டன் என்றால் டன்னுக்கு 20. எண் அழகாக இருக்கிறது. ஆனால் இசைவாணையில் உற்பத்தி 500 டன் என்றிருந்தால், அனுமதிக்கு மேல் உற்பத்தி செய்ததை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். ஆண்டு நடுவிலேயே மாதாந்திர உற்பத்தியைக் கூட்டிப் பார்த்து, தாண்டும் போலிருந்தால் விரிவாக்க இசைவுக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பதுதான் ஒரே வழி.

'சி' பகுதியில் மாசுச் சுமை. செறிவு × ஓட்டம் ÷ 1,000 = நாளுக்குக் கிலோ. மாதந்தோறும் கணக்கிட்டு அதன்பின் சராசரி எடுங்கள். ஒரு மாதம் 100 மி.கி., 50 கன மீட்டர். இன்னொரு மாதம் 200 மி.கி., 20 கன மீட்டர் என்றால் சுமை 5, 4. சராசரி 4.5. செறிவையும் ஓட்டத்தையும் தனித்தனியே சராசரி எடுத்துப் பெருக்கினால் 150 × 35 ÷ 1,000, அதாவது 5.25 வரும். இல்லாத மாசை நீங்களே சேர்த்துக்கொள்கிறீர்கள். வரம்பிலிருந்து விலகல் சதவீதம்: 250-க்கு 180 என்றால் −28.

வரம்பு தாண்டிய மாதம் இருந்தால் காரணக் கட்டத்தில் 'இயந்திரக் கோளாறு' என்று இரண்டு வார்த்தையில் முடிக்காதீர்கள். எந்தத் தேதி, எந்த இயந்திரம், எத்தனை மணி நேரம், நீரை எங்கே தேக்கினீர்கள், எப்போது சரியானது என்று எழுதுங்கள். அளவுக்கு மேல் கழிவு வெளியேறும்படி விபத்து நேர்ந்தால் ஆண்டறிக்கைவரை காத்திருக்க முடியாது. நீர்ச் சட்டம் 1974-ன் 31-வது பிரிவு உடனே தெரிவிக்கச் சொல்கிறது. அபாயக் கழிவு விபத்துக்குப் படிவம் 11.

'டி', 'இ', 'எஃப்' பகுதிகளை நிரப்பும்போது படிவம் 4-ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் 9.1 டன், செப்டம்பரில் 8.6 டன் என்று ஒரே அலுவலகத்துக்கு இரண்டு எண் கொடுப்பது வியக்கும் அளவுக்குச் சாதாரணம். காரணம் பெரும்பாலும் இரண்டையும் வெவ்வேறு ஆள் நிரப்பியதுதான். 'டி' கிலோவில் கேட்கும், டன்னை அப்படியே எழுதிவிடாதீர்கள். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தை மீறினால் 2024 ஏப்ரல் 1 முதல் ₹10,000-லிருந்து ₹15 லட்சம்வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

வாரியம் மாதிரி எடுக்கும்போது

நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அதிகாரி அப்போதே எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, உங்கள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நீங்கள் கேட்டால் இரண்டாவது பாட்டில் மாநில நீர் ஆய்வகத்துக்குப் போகும். இந்த உரிமையைக் கேட்க, பொறுப்பான ஒருவர் அங்கே நிற்கவேண்டும். முதலாளி ஊரில் இல்லை, நாளை வாருங்கள் என்று சொல்லி அனுப்புவது உங்களுக்குத்தான் நட்டம். அதே நேரத்தில், அதே இடத்தில் நீங்களும் ஒரு மாதிரி எடுத்து உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ரீடிங்கையும் பி.எச்.-ஐயும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள்.

அறிக்கை அனுப்பியதும் ஒப்புகையையும், அனுப்பிய கோப்பின் பிரதியையும் கணக்குத் தாள்களோடு ஒரே உறையில் வையுங்கள். படிவம் 5-ல் 'முந்தைய நிதியாண்டு' என்று ஒரு பத்தி உண்டு. அதை நினைவிலிருந்தோ புதிதாகக் கணக்குப் போட்டோ நிரப்பாமல், போன ஆண்டு அனுப்பிய பிரதியைப் பார்த்தே நிரப்புங்கள். போன ஆண்டின் எண் தவறு என்று இப்போது தெரிந்தால், அந்தப் பத்தியில் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். பழைய எண், திருத்திய எண், வித்தியாசத்தின் காரணம் மூன்றையும் ஒரு கடிதத்தில் எழுதி இணைத்து, கடிதத்துக்கும் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.